பாரமான வேலையில் ரீஸ்டார்ட் ஆகும் கொம்பியூட்டர்: வன்னி வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வெட்டி ஒட்டிய வீடியோவை ஒரே ஃபைலாக்கும் ரெண்டருக்குப் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பீர்கள். திரும்பி வந்தால் கொம்பியூட்டர் பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டு நிற்கும். இரண்டு மணிநேர வேலை போய்விட்டது. பாட்டுக் கேட்டாலும் கடிதம் தட்டச்சுச் செய்தாலும் நாள் முழுக்க ஒழுங்காக ஓடும் அதே பெட்டி, கலியாண வீடியோவை வெட்டி ஒட்டத் தொடங்கினாலோ பெடியள் கேம் விளையாடத் தொடங்கினாலோ சட்டென்று இருண்டு தானாகவே மீண்டும் எழும்புகிறது.

இதற்கு வன்னியில் வழக்கமாக நடப்பது எனக்குத் தெரியும். பெட்டியை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டி, வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொண்டுபோவோம். கிளிநொச்சியில் இருந்து எந்தப் பக்கம் போனாலும் 60 கிலோமீற்றருக்குக் குறையாத ஓட்டம். கடை மேசையில் அது நாள் முழுக்க ஓடும். "ஒரு பிழையும் இல்லை, விண்டோஸ் மட்டும் மாற்றியிருக்கு" என்று சொல்லித் தருவார்கள். அன்றிரவே வீட்டில் மறுபடியும் விழும், அதாவது தானாக ரீஸ்டார்ட் ஆகும். என் பெட்டிக்கு மூன்று தரம் இப்படி விண்டோஸ் மாற்றினேன். கடைசியில் பார்த்தால் ஒரு பிழை சுவர் பிளக்கில், மற்றது யூபிஎஸ் பெட்டியில் (கரண்ட் நின்றால் பற்றரியில் இருந்து கரண்ட் கொடுக்கும் பெட்டி).

கடையில் ஏன் விழவில்லை என்று யோசித்துப் பார்த்தால் விடை எளிது. அங்கே வோல்ட்டேஜ் நல்லது, அறை குளிர், பெட்டியின் பக்கத் தகடு கழற்றியிருக்கும், இரண்டு மணிநேரம் ரெண்டர் போட்டுப் பார்க்க அவர்களுக்கு நேரமும் இருக்காது. ஆகவே பிழையை விழும் இடத்திலேயே தேட வேண்டும். எங்கள் பக்கத்தில் தேடுதலைச் சுவரில் தொடங்கிப் பெட்டிக்கு உள்ளே போவதுதான் சரி. விண்டோஸ் கடைசி.

தொடங்கும் முன்: படங்களைப் பத்திரப்படுத்துங்கள்

எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கரண்ட் அறுவது போன்றதுதான் ஒவ்வொரு திடீர் ரீஸ்டார்ட்டும். ஹார்ட் டிஸ்க்கில் உள்ள ஃபைல்கள் பழுதாகலாம். கீழே சொல்லப்போகும் சோதனைகள் வேண்டுமென்றே பெட்டியை விழவைப்பவை. அதனால் முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்கோ பென் டிரைவுக்கோ பிரதி எடுங்கள். இடம்பெயர்வில் ஆல்பங்களைத் தொலைத்த குடும்பங்கள் இங்கே நிறைய. மிஞ்சிய ஒன்றிரண்டு படங்களை ஸ்கான் பண்ணி இந்தப் பெட்டிக்குள்தான் வைத்திருப்பீர்கள். அவற்றை இரண்டு இடத்தில் வைக்காமல் அடுத்த படிக்குப் போகவேண்டாம்.

படி 1: எப்படி விழுகிறது என்று பாருங்கள்

ஸ்டார்ட் மெனுவில் 'வியூ அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடித் திறங்கள். அதில் 'ஸ்டார்ட்டப் அண்ட் ரிகவரி' பகுதியின் செட்டிங்ஸை அழுத்தி, 'ஆட்டோமெட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். இதற்குப் பிறகு விண்டோஸ் பிழை கண்டு விழுந்தால் நீலத் திரை அப்படியே நிற்கும். அதில் உள்ள சொற்களைப் போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். நீலத் திரையே வராமல், சுவிச்சை நிறுத்தியது போல இருண்டு எழும்பினால், பெரும்பாலும் கரண்ட் சம்பந்தப்பட்ட பிழை.

அடுத்து 'ஈவன்ட் வியூவர்' திறந்து, விண்டோஸ் லொக்ஸுக்குள் சிஸ்டம் பகுதியைப் பாருங்கள். விழுந்த நேரத்தில் 'கேர்னல் பவர் 41' என்று ஒரு சிவப்புக் குறிப்பு இருக்கும். பலர் இதைக் கண்டு பவர் சப்ளைதான் (சுவர்க் கரண்டைப் பெட்டிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பாகம்) பழுது என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். அப்படியில்லை. ஒழுங்காக மூடப்படாமல் பெட்டி மறுபடி எழும்பியது என்பது மட்டும்தான் அதன் பொருள். அதன் டீட்டெய்ல்ஸ் பகுதியில் 'பக்செக் கோட்' என்ற வரியைத் தேடுங்கள். அங்கே 0 இருந்தால் விண்டோஸுக்கு எதையும் பதிய அவகாசமே கிடைக்கவில்லை என்று அர்த்தம். கரண்ட் அறுந்திருக்கலாம், அல்லது பெட்டி அப்படியே உறைந்திருக்கலாம். வேறு எண் இருந்தால் நீலத் திரை வந்திருக்கிறது. ராம் (வேலை நேரத்து நினைவகம்), டிரைவர் (பாகங்களை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருள்) பக்கம் பார்க்கவேண்டும். 'டபிள்யூ எச் ஈ ஏ லொகர் 18' என்ற குறிப்பும் கூட இருந்தால், வன்பொருளில் பாரதூரமான பிழை ஒன்றை புரொசசரே அறிவித்திருக்கிறது.

விழுந்தபின் எழும்பாமல் முழுதாக அணைந்தே கிடக்கிறதா? அப்படியென்றால் சூட்டின் மேல் சந்தேகம் கூடும். அதிகச் சூட்டைக் கண்ட பெட்டி பொதுவாகத் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், உடனே எழும்பாது.

படி 2: ஒரு கொப்பி

ஒரு வாரம், விழும் ஒவ்வொரு தரமும் எழுதுங்கள்: திகதி, நேரம், என்ன வேலை நடந்தது, மின்குமிழ் மங்கியதா, வீட்டு ஃபானின் வேகம் குறைந்ததா, அக்கம்பக்கத்தில் மோட்டர் ஓடியதா. இது சின்ன வேலை போலத் தெரியும். ஆனால் என் வீட்டுப் பிழையைக் காட்டித் தந்தது இந்தக் கொப்பிதான். ஏழு தரம் விழுந்ததில் ஆறு, பின்நேரம் 5 மணிக்கும் இரவு 9 மணிக்கும் இடையில். அதே வீடியோவை விடியப்புறம் 2 மணிக்குப் போட்டால் கடைசிவரை ஓடியது. விண்டோஸ் பழுதென்றால் அதற்கு மணிக்கூடு தெரிந்திருக்காது.

படி 3: சுவர்

எங்கள் கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். 6 சதவீதம் கூடிக் குறையலாம் என்பது விதி. அதாவது ஏறத்தாழ 216 வோல்ட் முதல் 244 வோல்ட் வரை. ட்ரான்ஸ்போமருக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது கிடைக்கும். லைனின் கடைசியில், வயலும் தோட்டமும் சூழ்ந்த வீடுகளில் வேறு கதை. கோடையில் தோட்டங்களுக்கு இறைக்கும் மோட்டர்கள், மில், வெல்டிங் பட்டறை எல்லாம் அதே லைனில் தொங்குகின்றன. மோட்டர் ஒன்று கிளம்பும் கணத்தில் வழமையாக எடுப்பதைப்போலப் பல மடங்கு கரண்டை இழுக்கும். அந்த ஒரு நொடியில்தான் உங்கள் மின்குமிழ் கண் சிமிட்டுகிறது.

கொம்பியூட்டரின் பவர் சப்ளைக்குள் கரண்டைச் சேமித்து வைக்கும் ஒரு பெரிய கப்பாசிற்றர் உண்டு. கரண்ட் ஒரு கணம் தடுமாறினால் அதில் உள்ள சேமிப்பை வைத்து 16 மில்லி செக்கன் அளவுக்குச் சமாளிப்பதே தரமான பவர் சப்ளைக்கு எதிர்பார்க்கப்படும் அளவு. மலிவான பவர் சப்ளைகளில் அந்தச் சேமிப்பு சுவர் வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 230 வோல்ட்டில் நிரம்பியிருப்பது 180 வோல்ட்டில் கிட்டத்தட்ட 60 சதவீதமாகிவிடும். பெட்டி சும்மா இருக்கும்போது அது போதும். ரெண்டர் ஓடும்போது அதே சேமிப்பைப் பல மடங்கு வேகத்தில் குடித்து முடித்துவிடும். பாரமான வேலையில் மட்டும் விழுவதன் இரகசியம் பல வீடுகளில் இதுதான்.

சோதிப்பது எப்படி? பிளக்கில் குத்தினால் வோல்ட்டேஜ் காட்டும் சிறிய டிஜிட்டல் மீற்றர் மின்பொருள் கடைகளில் கிடைக்கும். அதை வாங்கிக் கொம்பியூட்டர் போட்டிருக்கும் அதே இடத்தில் குத்துங்கள். மல்ட்டிமீற்றரின் கம்பியைச் சுவர்த் துளைக்குள் விடும் வேலையைப் பழக்கமில்லாதவர்கள் செய்யவே கூடாது. காலை, மதியம், பின்நேரம், இரவு என்று நான்கு நேரம் கொப்பியில் எழுதுங்கள். பெட்டி சும்மா இருக்கும்போது ஒரு அளவு, ரெண்டர் ஓடும்போது ஒரு அளவும் எடுங்கள். உங்கள் பெட்டி ஒன்றே சுவர் வோல்ட்டேஜை 10 வோல்ட் இறக்குகிறது என்றால், பிழை பெரும்பாலும் லைனில் அல்ல, வீட்டு வயரிங்கில் எங்கோ ஒரு தளர்ந்த இணைப்பில்.

அப்படித் தளரும் இடங்களில் முதலாவது பிளக். எங்கள் வீடுகளில் பழைய உருண்டைக் கால் பிளக்கும் புதிய சதுரக் கால் 13 அம்பியர் பிளக்கும் கலந்திருக்கின்றன. இரண்டையும் பொருத்த நடுவில் ஒரு மாற்றி, அதில் ஒரு மல்ட்டி பிளக், அதில் இன்னொன்று. ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் தளரும், சூடாகும். அரைமணி பாரமான வேலை ஓடியபின் கரண்டை நிறுத்தி, பிளக்கைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள். சூடோ கருகிய அடையாளமோ இருந்தால் அதை உடனே மாற்றவேண்டும். அது தீப்பிடிக்கும் ஆபத்தும்கூட. கொம்பியூட்டருக்கு மட்டும் ஒரு நல்ல 13 அம்பியர் பிளக்கை, தெரிந்த வயரிங்காரரைக் கொண்டு நேராகப் போடுவிப்பது இந்த வழிகாட்டியிலேயே அதிகப் பலன் தரும் செலவு.

பின்பக்கம் குத்தும் பவர் வயரையும் மறக்காதீர்கள். ஆட்டினால் லைட் அணைகிறதென்றால் வயரை மாற்றுங்கள்.

பெட்டியைத் தொட்டால் விறுவிறுக்கிறது என்றால் ஏர்த் சரியில்லை. கோடையில் மண் காய்ந்து ஏர்த் கம்பி பிடிமானம் இழப்பது இங்கே வழமை. ரீஸ்டார்ட்டுக்கு இது நேரடிக் காரணமாவது அரிது. ஆனால் உயிர் சம்பந்தப்பட்ட விடயம், தள்ளிப்போடாதீர்கள்.

வோல்ட்டேஜ் நாள்தோறும் 200க்குக் கீழே போகிறதென்றால், கொப்பியில் உள்ள அளவுகளோடு உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள். 1987 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். "கரண்ட் சரியில்லை" என்று சொல்வதை விட, நேரமும் வோல்ட்டும் எழுதிய ஒரு தாளுக்கு மதிப்பு அதிகம்.

படி 4: யூபிஎஸ்

யூபிஎஸ் இருக்கிறதே, பிறகென்ன பயம் என்று நினைப்போம். பழைய யூபிஎஸ் இருப்பது, யூபிஎஸ் இல்லாததை விட மோசம். வோல்ட்டேஜ் ஒரு எல்லைக்குக் கீழே இறங்கினால் அது பற்றரிக்கு மாறும். பற்றரி செத்திருந்தால், சுவரில் கரண்ட் இருந்தும் பெட்டிக்கு ஒன்றும் போகாது. யூபிஎஸ் இல்லாமல் சமாளித்திருக்கக்கூடிய சின்னத் தடுமாற்றம், யூபிஎஸ் இருந்ததால் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் 7 அம்பியர்-மணி ஈயப் பற்றரி. அதற்குச் சூடு ஆகாது. சுற்றியுள்ள வெப்பம் 10 பாகை கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பற்றரிக்காரர்களின் கணக்கு. தகரக் கூரைக்குக் கீழே, மேசைக்கடியில், கோடை முழுக்கக் கிடந்த பற்றரி இரண்டு வருடம் தாண்டியிருந்தால் சந்தேகிக்கலாம். 2022 இல் நாளுக்குப் பல மணிநேரம் கரண்ட் வெட்டிய காலத்தைத் தாண்டி வந்த பற்றரி என்றால் சோதிக்கவே தேவையில்லை, மாற்றுங்கள்.

சோதனை இரண்டு. ஒன்று: வேலையெல்லாம் சேமித்துவிட்டு, பெட்டி சும்மா இருக்கும்போது யூபிஎஸ் பிளக்கின் சுவர்ச் சுவிச்சை நிறுத்துங்கள். உடனே விழுந்தால் பற்றரி இல்லை என்றே எண்ணலாம். இரண்டு: வோல்ட்டேஜ் நன்றாக இருக்கும் நேரத்தில் யூபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டுச் சுவரில் நேராகக் குத்தி, வழமையாக விழும் வேலையைப் போடுங்கள். விழவில்லையென்றால் யூபிஎஸ்தான்.

அளவும் முக்கியம். வீட்டுக்கு வாங்கும் 650 விஏ யூபிஎஸ்களில் பெரும்பாலானவை உண்மையில் 400 வாற்றுக்கும் குறைவாகத்தான் தாங்கும். பின்பக்கத் தகட்டில் எழுதியிருக்கும். பெரிய கிராபிக்ஸ் கார்ட், புரொசசர், மொனிட்டர் மூன்றும் சேர்ந்து இந்த எல்லையைத் தொட்டால், பற்றரிக்கு மாறும் கணத்தில் யூபிஎஸ் தன்னைக் காப்பாற்ற எல்லாவற்றையும் அறுத்துவிடும். பிரிண்டரை, முக்கியமாக லேசர் பிரிண்டரை, யூபிஎஸ்ஸில் குத்தாதீர்கள்.

படி 5: புழுதியும் சூடும்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் செம்மண் புழுதி எதற்குள்ளும் போகும். பெட்டியைத் திறந்தால் ஹீற்சிங்க்கின் (புரொசசரின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) தகடுகளுக்கிடையில் கம்பளி விரித்ததுபோல இருக்கும். கரண்டைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில செக்கன் அழுத்தி, வெளியே விறாந்தைக்குக் கொண்டுபோய், மெல்லிய பெயின்ற் பிரஷ்ஷாலும் சைக்கிள் பம்பாலும் துப்பரவு செய்யுங்கள். டயர் கடைக் கொம்பிரசர் வேண்டாம்: அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெய்யும் கலந்துவரும். ஃபானை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள், சுழலவிடாதீர்கள். எறும்புக் கூடோ செத்த பல்லியோ இருந்தால் மதர்போர்ட்டைச் சுற்றி நன்றாகப் பாருங்கள். பல்லி இரண்டு இணைப்புகளைத் தொட்டுக் கிடந்தால் அதுவே காரணமாக இருக்கலாம்.

பிறகு 'எச்டபிள்யூ இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். அதில் அளவுகளை ஃபைலாகப் பதியும் வசதி உண்டு. பெட்டி விழுந்தபின் அந்த ஃபைலின் கடைசி வரி, விழுவதற்கு முன்னைய நொடியின் சூட்டைச் சொல்லும். இன்டெல் புரொசசர்கள் பலவற்றின் எல்லை 100 பாகை, ஏஎம்டி ரைசன் பலவற்றுக்கு 95. எல்லையை நெருங்கினால் முதலில் வேகத்தைக் குறைக்கும், அதுவும் போதாவிட்டால்தான் அணைக்கும். கடைசி வரியில் 70 பாகை என்று இருந்தால் புரொசசரின் சூட்டைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. நேராகப் படி 6க்குப் போங்கள்.

90க்கு மேல் என்றால் பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை ஃபானைத் திருப்பிவிட்டு அதே வேலையைப் போடுங்கள். விழுவது நின்றுவிட்டால் விடை கிடைத்துவிட்டது. புரொசசருக்கும் ஹீற்சிங்க்குக்கும் நடுவில் பூசும் தேர்மல் பேஸ்ட் மூன்று நான்கு வருடம் பழையதென்றால் துடைத்துப் புதிதாக ஒரு பயறளவு வையுங்கள். அறை 35 பாகை என்றால் பெட்டிக்குள் அதற்கும் மேலேதான்; பெட்டியைச் சுவரோடு ஒட்டியோ அலுமாரிக்குள்ளோ வைக்காமல் இருப்பதே பாதி வைத்தியம்.

படி 6: பிரித்து ஏற்றும் பாரம்

இப்போது புரொசசரையும் கிராபிக்ஸ் கார்ட்டையும் தனித்தனியே களைக்க வைத்துப் பார்ப்போம். புரொசசரைச் சோதிக்கும் 'பிரைம் 95' மென்பொருளில் 'ஸ்மால் எஃப்எஃப்டி' சோதனையை 20 நிமிடம் ஓடவிடுங்கள். சூட்டைப் பார்த்துக்கொண்டே கதிரையில் இருங்கள், விட்டுவிட்டுப் போகாதீர்கள். விழவில்லையா? நிறுத்தி ஆறவிட்டு, கிராபிக்ஸ் கார்ட்டைச் சோதிக்கும் 'ஃபர்மார்க்'கை 15 நிமிடம். அதுவும் தாண்டினால் இரண்டையும் ஒன்றாக.

புரொசசர் சோதனையில் மட்டும் விழுந்தால், சூடு, மதர்போர்ட், அல்லது புரொசசருக்குப் போகும் 4 அல்லது 8 முனை வயர். கிராபிக்ஸில் மட்டும் விழுந்தால் கார்ட் அல்லது அதற்குப் போகும் பவர் வயர். தனித்தனியே தாண்டி, ஒன்றாகப் போட்டதும் விழுந்தால், என் அனுபவத்தில் அது பவர் சப்ளை. இந்தச் சோதனையைக் காலையிலும் பின்நேரத்திலும் செய்யுங்கள். காலையில் தாண்டிப் பின்நேரம் விழுந்தால் படி 3க்குத் திரும்புங்கள்.

படி 7: பவர் சப்ளை

பவர் சப்ளையின் மேல் '500 வாற்' என்று பெரிதாக எழுதியிருப்பதை நம்பவேண்டாம். பக்கத்தில் ஒட்டியுள்ள அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை அம்பியர் என்று பாருங்கள். அதை 12ஆல் பெருக்குங்கள். 18 அம்பியர் என்றால் 216 வாற். புரொசசரும் கிராபிக்ஸ் கார்ட்டும் கிட்டத்தட்ட முழுவதும் இந்த 12 வோல்ட்டில்தான் உயிர் வாழ்கின்றன. ஆர்டிஎக்ஸ் 3060 கார்ட் ஒன்றே 170 வாற் எடுக்கும். மிச்சம் 46 வாற்றில் புரொசசர் என்ன செய்யும்? அதோடு புதிய கார்ட்டுகள் மில்லி செக்கன் கணக்கில் தங்கள் அளவைத் தாண்டித் துள்ளும். அந்தத் துள்ளலில் பவர் சப்ளையின் பாதுகாப்பு அறுத்துவிடும்.

வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்து இங்கே வரும் சின்னப் பெட்டிகளை வாங்கியவர்கள் குறிப்பாகப் பாருங்கள். அவற்றில் 240 வாற் அளவிலான பவர் சப்ளை இருப்பது சாதாரணம். அலுவலக வேலைக்குத் தாராளம். தம்பி கேம் விளையாட ஒரு கார்ட் வாங்கிக் குத்தியபின்தான் பிரச்சினை தொடங்கியிருக்கும். அவற்றில் பலவற்றின் இணைப்புகள் வழமையான அளவல்ல, ஆகவே புதியது வாங்கும் முன் பொருந்துமா என்று கேளுங்கள். இல்லையென்றால், வேறு வயர் தேவைப்படாத, 75 வாற்றுக்குள் அடங்கும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போன்ற கார்ட்டே அந்தப் பெட்டிக்குப் பொருத்தம்.

எச்டபிள்யூ இன்ஃபோவில் 12 வோல்ட் அளவு 11.4க்குக் கீழே போகிறதா என்று பாருங்கள். ஆனால் மதர்போர்ட் காட்டும் இந்த அளவு துல்லியமில்லை, துணைச் சாட்சியாக மட்டும் எடுங்கள். கார்ட்டுக்கு இரண்டு பவர் முனை இருந்தால், ஒரே வயரின் இரண்டு தலைகளைக் குத்தாமல் இரண்டு தனி வயர் கொடுங்கள்.

உறுதியான சோதனை ஒன்றுதான்: தெரிந்தவரிடம் நல்ல பவர் சப்ளையை ஒரு நாள் இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பது. இரவல் வாங்கினால் அதன் வயர்களையும் சேர்த்தே வாங்குங்கள். கழற்றிப் பூட்டும் வயர்கள் ஒரே மாதிரித் தெரிந்தாலும் கம்பனிக்குக் கம்பனி உள்ளிணைப்பு வேறு. மாற்றிக் குத்தினால் ஹார்ட் டிஸ்க் எரிந்துவிடும். பின்னால் சிவப்பு நிற 115/230 சுவிச் இருந்தால் அது 230இல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டே கரண்ட் கொடுங்கள். பவர் சப்ளையின் மூடியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். கரண்டைக் கழற்றியபின்னும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

படி 8: ராமும் பயோஸும்

நீலத் திரை வந்தவர்களுக்கு இது முதற்படி. ராமைக் கழற்றி, தங்க நிறக் கால்களை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துடைத்து, திரும்பப் பூட்டுங்கள். எக்ஸ்எம்பி (ராமைக் கூடிய வேகத்தில் ஓட்டும் செட்டிங்) போட்டிருந்தால் பயோஸில் (விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்ட் செட்டிங்ஸில்) நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் டீஃபோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். ராமைச் சோதிக்கும் 'மெம்டெஸ்ட் 86'ஐப் பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க நான்கு சுற்று ஓடவிடுங்கள். ஒரேயொரு பிழை வந்தாலும் ராமைத் துண்டு துண்டாகத் தனியே சோதிக்கவேண்டும்.

கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிப்பதும் இந்த இடத்தில்தான். இவ்வளவும் செய்து முடியாவிட்டால் மட்டும் விண்டோஸை மாற்றுங்கள்.

கடைக்குப் போவதென்றால்

கொப்பியைக் கொண்டுபோங்கள். எந்த நேரத்தில், எந்தச் சோதனையில், எத்தனை நிமிடத்தில் விழுந்தது, என்னென்ன மாற்றிப் பார்த்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். உங்கள் சொந்தப் பவர் வயரையே கொடுங்கள். பக்கத் தகட்டைப் பூட்டியபடி, புரொசசர் சோதனையும் கிராபிக்ஸ் சோதனையும் ஒன்றாக ஒரு மணிநேரம் ஓடவிடும்படி கேளுங்கள். "விண்டோஸ் மாற்றவேண்டாம்" என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள்.

திருத்தி வந்தபின் உடனே பெரிய வேலையை ஏற்றாதீர்கள். தோட்டத்து மோட்டர்கள் ஓடும் பின்நேரம் ஒரு தரம், வெயில் உச்சியில் நிற்கும் மதியம் ஒரு தரம், ஆறுதலான இரவில் ஒரு தரம் என்று படி 6ஐத் திரும்பச் செய்யுங்கள். மூன்றும் தாண்டினால் கொப்பியில் திகதியைப் போட்டுவிட்டு, அந்தக் கலியாண வீடியோவை ரெண்டருக்குப் போடுங்கள்.